எதை வரைவது என்று கேட்பவர்களுக்கு

(சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சமுதாயக் கூடத்தில் நடந்த உறுப்பினர் சந்திப்பில், பி பிளாக்கைச் சேர்ந்த ஓர் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் வெளியிடுகிறோம்.)



போன தடவை இதே இடத்தில் மாடித் தோட்டம் பற்றிப் பேசியவர் ஆளுக்கொரு கறிவேப்பிலைக் கன்று கொடுத்து அனுப்பினார். என்னிடம் அப்படிக் கொடுக்க ஒன்றும் இல்லை. நாற்காலி மேல் ஆளுக்கு ஒரு அட்டைத் துண்டு வைத்திருக்கிறேன், நடுவில் ஜன்னல் மாதிரி வெட்டியது. எதற்கு என்று பிறகு சொல்கிறேன். வீட்டில் சேர்ந்துபோன கல்யாணப் பத்திரிகைகளில் வெட்டினேன். உங்கள் வீட்டுப் பத்திரிகையே உங்கள் கைக்கு வந்திருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஓவியர் இல்லை. 34 வருஷம் தபால் அலுவலகக் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு வாட்டர்கலர் டப்பாவும் மூன்று பிரஷ்ஷும் வாங்கினேன். அது ஆறு வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு நம் குடியிருப்பில் பத்துப் பதினைந்து பேராவது என்னிடம் வந்து ஓவியம் பற்றிக் கேட்டிருப்பார்கள். பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைச் சொல்லித்தர யூடியூப் இருக்கிறது. எல்லோரும் கேட்டது ஒன்றுதான். "எல்லாம் வாங்கி வெச்சுட்டேன் ஆன்ட்டி, ஆனா எதை வரையறதுன்னே தெரியல." ஒருவர் வீட்டில் அந்தப் பெட்டி பிரிக்காமலே மூன்று வருஷமாகக் கொலு பொம்மைகளோடு பரணில் இருக்கிறது. நவராத்திரிக்கு இறங்கும், திரும்ப ஏறும். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இதோ சிரிக்கிறார்.

நானும் அப்படித்தான் இருந்தேன். வரைய எடுக்கும் விஷயம் அழகாக இருக்க வேண்டும், அழகு என்றால் அது வேறு ஊரில் இருக்கும் என்று ஒரு நினைப்பு. போனில் படம் தேடுவேன். பனி மலை, மலைக்குக் கீழே ஏரி, ஏரியில் ஒரு படகு, கரையில் மர வீடு. பனியை நான் நேரில் பார்த்தது எங்கள் வீட்டு ஃப்ரீசரில் மட்டும்தான். எட்டு மாதத்தில் 14 படம் போட்டேன். பதினாலிலும் அதே மலை, அதே ஏரி. என் வீட்டுக்காரர் ஒன்றை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்டினார். வருகிறவர்கள் "இது எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அவர் ஒருத்தருக்கு மணாலி என்பார், இன்னொருத்தருக்கு சுவிட்சர்லாந்து என்பார். எனக்கே தெரியாததால் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த எட்டு மாதமும் என் மாமியார் எங்களோடு இருந்தார். பழையவர்களுக்கு அவரைத் தெரியும். அப்போது 88 வயது. காலையில் வெயில் ஏறினதும் பால்கனியில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்வார். கண் சரியாகத் தெரியாது. விரலால் தடவித்தான் காம்பைக் கண்டுபிடித்து உருவுவார். கிரில்லின் நிழல் அவர் புடவை மேல் கட்டம் கட்டமாக விழுந்திருக்கும். பிரஷ் கழுவுகிற தண்ணீரை மாற்ற நான் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு நாள் "என்னடி வரையற?" என்றார். "காஷ்மீர், அத்தை" என்றேன். "அங்க நமக்கு யார் இருக்கா?" என்று கேட்டார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியில் அவர் போய்விட்டார். என்னிடம் 14 பனி மலை இருக்கிறது. அவருடைய ஒரு விரலைக்கூட நான் வரைந்து வைக்கவில்லை. போட்டோ இருக்கிறது. பேரன் கல்யாணத்தில் பட்டுப்புடவை கட்டி, கேமராக்காரர் சொன்னபடி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற போட்டோ. அதைப் பார்த்தால் எங்கள் யாருக்கும் அவர் ஞாபகம் வருவதில்லை. அன்றைக்கு எனக்கிருந்த கைக்கு அந்த விரல்கள் சரியாக வந்திருக்காது, கோணல்மாணலாகத்தான் வந்திருக்கும். வந்திருக்கட்டுமே. இன்றைக்கு என் மேஜை டிராயரில் அது இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் டப்பாவைத் தொடவில்லை. பிறகு ஒரு நாள் மார்க்கெட்டில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத வட்டி வாங்க எங்கள் கவுன்டருக்கு வருவார். வரைகிறேன் என்றும், எதை வரைவது என்று புரியவில்லை என்றும் சொன்னேன். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டே அவர் சொன்னது: "ராத்திரி கரண்ட் போச்சுன்னா உங்க வீட்டுல எதை எதையெல்லாம் தடவியே கண்டுபிடிச்சு எடுப்பீங்க? அதை வரைங்கம்மா. அதோட உருவம் உங்க கைக்கு ஏற்கெனவே தெரியும்."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தீப்பெட்டி. டார்ச். ஃபில்டர். அஞ்சறைப் பெட்டி. மூக்குக்கண்ணாடிக் கூடு. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிற முறம். எழுதிக்கொண்டே போனால் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. எட்டு மாதமாக ஒன்றுமே கிடைக்கவில்லை என்று போனை நோண்டிக்கொண்டிருந்தவள் நான்.

உடனே போய் ஃபில்டரை எடுத்து மேஜை மேல் வைத்துவிடாதீர்கள். நான் அந்தத் தப்பைச் செய்தேன். எவர்சில்வர் என்று ஒரு நிறமே கிடையாது. பக்கத்தில் இருக்கிற எல்லாம் அதற்குள் தெரியும், நீங்கள் போட்டிருக்கிற புடவை உட்பட. முதல் மாதத்தில் அதோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. கத்தரிக்காயில் ஆரம்பியுங்கள். ஒரே நிறம், எளிய உருவம், தானாக நகராது, விலையும் குறைவு. ஜன்னல் ஓரத்தில் ஒரு பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் படும்படி வையுங்கள், டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். டியூப் லைட் எரிந்தால் நாலா பக்கமும் வெளிச்சம் அடித்து உருண்டை தட்டையாகிவிடும். இப்போது கத்தரிக்காயைப் பார்த்தால் மேலே பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அந்த இடத்தில் பெயின்ட்டே வைக்காமல் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். வாட்டர்கலரில் வெள்ளை என்பது தாள்தான். இந்த ஒரு பாடத்தைப் படிக்கப் பதினாலு பனி மலை எனக்கு உதவவில்லை, கால் கிலோ கத்தரிக்காய் உதவியது. மாலையில் அதையே எண்ணெய்க் கத்தரிக்காய் செய்துவிட்டேன்.

பூ வேண்டாம், கொஞ்ச நாளைக்கு. மல்லிகையை வரைய உட்கார்ந்தால் நீங்கள் பென்சில் சீவி முடிப்பதற்குள் அது வாட ஆரம்பித்துவிடும். மாறுகிற பொருளை வரைய ஆசை இருந்தால் ஒரு பூவன் சீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பச்சை, அப்புறம் பச்சையும் மஞ்சளும், அப்புறம் முழு மஞ்சள், அதன் மேல் கறுப்புப் புள்ளிகள். தினமும் ஒரு சின்னப் படம். ஒரு வாரத்துக்கு எதை வரைவது என்ற கேள்வியே வராது. வீட்டில் யாரும் சாப்பிட்டுவிடாமல் காவல் காப்பதுதான் கஷ்டம். எங்கள் வீட்டுத் தொடர் மூன்றாம் நாளோடு நின்றுபோனது.

இதையெல்லாம் போய் யாராவது வரைவார்களா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. அப்போதுதான் மொராண்டி என்ற இத்தாலிய ஓவியரைப் பற்றிப் படித்தேன். ஜார்ஜியோ மொராண்டி, 1890இல் பொலோனியா நகரத்தில் பிறந்து 1964இல் அங்கேயே இறந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஃபொன்டாட்சா என்ற தெருவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடும் மூன்று சகோதரிகளோடும் குடியிருந்தார். அதாவது நம்மை மாதிரி ஃபிளாட்காரர். தனி ஸ்டூடியோ கிடையாது. படுக்கை அறையிலேயே ஓரமாகக் கட்டில், மீதி இடத்தில் படம் வரைகிற வேலை. அவர் வாழ்நாள் முழுக்க வரைந்தது பெரும்பாலும் பாட்டில், ஜாடி, டப்பா, கிண்ணம். அதே சாமான்களைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்த்தித் திரும்பத் திரும்ப வரைந்தார். பளபளப்பு தொந்தரவாக இருந்தால் பாட்டில் மேலேயே மங்கலான பெயின்ட் பூசிவிடுவார். தூசியைத் துடைக்க மாட்டார், தூசி படிந்தால் அவருக்கு நல்லதாம். எங்கள் வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. அலுத்தால் அதே வீட்டு ஜன்னல் வழியாகத் தெரிகிற முற்றத்தை வரைவார். இன்றைக்கு அந்த ஃபிளாட் ஒரு அருங்காட்சியகம்.

நம் பக்கத்திலும் ஆள் உண்டு. எஸ். இளையராஜாவின் படங்களை உங்களில் பலர் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் எடுத்துக்கொண்டவை கிராமத்து வீடுகள், அங்கே இருக்கிற பெண்கள், கதவு வழியாகவும் ஜன்னல் வழியாகவும் அவர்கள் மேல் விழுகிற வெளிச்சம். அவருடைய கை நமக்கு வராது, அதைச் சொல்லவில்லை. எங்கே பார்த்தார் என்பதைச் சொல்கிறேன். அவர் படங்களை முதல் தடவை நிதானமாகப் பார்த்தபோது எனக்கு எங்கள் பால்கனி ஞாபகம்தான் வந்தது.

ஆறு மாதம் காய்கறி வரைந்த பிறகு அந்த நாற்காலியை எடுத்துப் பழைய இடத்தில் போட்டேன். அதன் மேல் முறத்தை வைத்தேன். கிரில் நிழல் விழுகிற நேரம் வரும்வரை காத்திருந்தேன். முதல் படத்தில் நாற்காலிக்கு மூன்று கால்தான் வந்தது. இரண்டாவதில் முறம் காற்றில் மிதந்தது. நிழலைக் கறுப்பால் போட்டதில் ஒரு படம் முழுக்கக் கரி பூசின மாதிரி ஆனது. நிழலில் கறுப்பு கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அல்ட்ராமெரைன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற பழுப்பைக் கலந்தால் ஒரு சாம்பல் வரும், தண்ணீர் கூட்டினால் அது நிழல். இரண்டு நிறம் போதும். பதினோராவது தடவை ஓரளவு வந்தது. அதோ அந்த மேஜையில் இருக்கிறது, போகும்போது பாருங்கள். ஃபிரேம் போடவில்லை.

பதினோரு தடவை ஒன்றையே வரைந்தால் அலுக்காதா என்று என் மருமகள் கேட்டாள். பிரான்ஸில் மோனே என்பவர் 1890, 91இல் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் இருந்த வைக்கோல் போரை மட்டும் சுமார் 25 படம் வரைந்தார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, பனி விழுந்தபோது ஒன்று. போர் அதேதான், வெளிச்சம் வேறு. அவளுக்கு இதைத்தான் பதிலாகச் சொன்னேன். "அவர் மோனே, நீங்க நீங்க" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனால் ஐந்தாவது படத்துக்கு மேல்தான் அந்த நாற்காலியில் ஒயர் ஒரு இடத்தில் அறுந்து முடிச்சுப் போட்டிருப்பது என் கண்ணில் பட்டது. அத்தை போட்ட முடிச்சு. இருபது வருஷம் அந்த நாற்காலியைத் துடைத்திருக்கிறேன், பார்த்ததில்லை.

சரி, இப்போது அட்டைக்கு வருவோம். கையை நீட்டி அட்டையைப் பிடியுங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். மேடையைப் பாருங்கள், மின்விசிறியைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் செருப்பைப் பாருங்கள். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிறைய அடங்கும், தள்ளிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும். ஆரம்பிக்கிறவர்கள் செய்கிற பெரிய தப்பு எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கப் பார்ப்பது. மெரினாவை வரைகிறேன் என்று கிளம்பினால் கடல், மணல், சுண்டல்காரர், குதிரை, கலங்கரை விளக்கம் எல்லாம் வேண்டும் என்று தோன்றும். ஒன்றும் வராது. இந்த அட்டை மிச்சத்தையெல்லாம் மறைத்துவிடும். சமையலறை மேடையில் ஒரு மூலை மட்டும் தெரியும். ஒரு கரண்டிக் காம்பும் அதன் நிழலும் மட்டும் தெரியும். அது ஒரு படத்துக்குப் போதும். தாளும் அஞ்சலட்டை அளவுக்கு மேல் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் தாளாக இருந்தால் தண்ணீர் பட்டுச் சுருளாது. அந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுங்கள். போகிற வருகிற வழியில் கண்ணில் எது பட்டு ஒரு நொடி நின்றீர்களோ அதை ஒரு வரி எழுதி வையுங்கள். அழகாக இருக்கிறதா என்ற விசாரணையே வேண்டாம், நின்றீர்களா என்பதுதான் கணக்கு. என் தாளில் இப்போது இருப்பதைப் படிக்கிறேன். கேட்டில் மாட்டியிருக்கும் மஞ்சள் பால் பை. இஸ்திரி வண்டியில் கரிப்பெட்டியின் வாய். ஏ பிளாக் மூன்றாம் மாடியில் காய்கிற பச்சைப் போர்வை. மழை நின்ற பிறகு ஸ்கூட்டர் சீட்டில் தேங்கின தண்ணீர், அதில் தெரிகிற வேப்பங்கிளை. இஞ்சித் துண்டு, ஒட்டகம் மாதிரி இருக்கிறது. மீட்டர் ரூம் கதவு. வாரக் கடைசியில் இந்தத் தாளைப் பார்த்து ஒன்றை எடுப்பேன். எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: நாளைக்கு இதே நேரம் இது இதே இடத்தில் இருக்குமா? இருக்கும் என்றால் நிதானமாக நாலு நாள் எடுத்துக்கொள்ளலாம். இருக்காது என்றால் அன்றைக்கே பத்து நிமிஷத்தில் பென்சிலால் கிறுக்கி வைத்துவிட வேண்டும்.

போனில் போட்டோ எடுத்து வரையலாமா என்று கேட்பார்கள். நீங்களே எடுத்த போட்டோ என்றால் தாராளமாக. ஆனால் போனில் நிழலுக்குள் இருப்பதெல்லாம் ஒரே இருட்டாகிவிடும், நம் கண்ணுக்கு அப்படி இல்லை. அதனால் முதலில் நேரில் ஒரு சின்னப் பென்சில் கோடாவது போட்டுவிட்டுப் போட்டோ எடுங்கள். அடுத்தவர் படத்தைப் பார்த்து வரைவதும் கை பழக நல்லதுதான், குற்றம் இல்லை. அதை உங்கள் படம் என்று வாட்ஸ்அப்பில் போடாமல் இருந்தால் சரி.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், பகல் பன்னிரண்டு மணிக்கு நம் நிழல் காலடிக்குள்ளேயே போய்விடும். அந்தச் சமயத்தில் மத்தியானம் எதைப் பார்த்தாலும் சப்பென்று இருக்கும். காலை எட்டுக்குள் அல்லது மாலை நாலுக்கு மேல் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் தெற்கு ஜன்னல் உள்ளவர்கள் வீட்டுக்குள் வெயில் நீளமாக வந்து தரையில் படுத்திருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் யார் என்று எனக்குத் தெரியும், டிசம்பரில் வந்து காலிங் பெல் அடிப்பேன்.

இப்போது வீட்டை விட்டு வெளியே வருகிறேன், இதற்காகத்தான் இன்றைக்குப் பேச ஒப்புக்கொண்டேன். நம் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவது என்று பொதுக்குழுவில் முடிவாகிவிட்டது. அடுத்த சித்திரைக்குள் எல்லோரும் காலி செய்கிறோம். அது சரியா தவறா என்ற பேச்சை இங்கே எடுக்கவில்லை, நான் எதற்குக் கை தூக்கினேன் என்பது மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. முழங்கால் வலிக்காரியான எனக்கு லிஃப்ட் வேண்டும். ஆனால் இடிக்கப் போகிற கட்டடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்திருக்கிறேன், அதுவும் உண்மை.

பி பிளாக் படிக்கட்டின் முதல் திருப்பத்தில் மேற்கே பார்த்து ஒரு சிமெண்ட் ஜாலி இருக்கிறது. இப்போதெல்லாம் நாலு மணியிலிருந்து நாலே முக்கால் வரை அதன் வழியாக வெயில் வந்து படியில் பூப்பூவாக விழும். மேல்படியில் விழும் பூவும் கீழ்ப்படியில் விழும் பூவும் சேராமல் மடங்கி நிற்கும். வரைவதற்கு இதைவிட நல்ல விஷயம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. புதுக் கட்டடத்தின் வரைபடத்தைப் பார்த்தேன், அங்கே கண்ணாடி போடுகிறார்கள்.

கீழே தகரத் தபால் பெட்டிகள். பிளாக்குக்குப் பன்னிரண்டு. தபால்காரி என்பதால் எனக்கு அவற்றின் மேல் ஒரு கண். எங்கள் பிளாக்கில் பூட்டு இருப்பது மூன்றில்தான், ஒன்றில் பல்லி குடித்தனம் நடத்துகிறது. போன வருஷம் வரிசையாகப் பன்னிரண்டையும் ஒரே படமாக வரைந்தேன். அதில் ஒரு பெட்டியில் மட்டும் பச்சை எனாமல் பெயின்ட்டில் கையால் எழுதின பெயர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது, வீட்டை விற்றுவிட்டுக் குடும்பமும் வேறு ஊர் போய்விட்டது, பெயரை யாரும் அழிக்கவில்லை. படத்தை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யார் மூலமாகவோ அது அவர் மகளுக்குப் போய், அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். "ஆன்ட்டி, அது அப்பா எழுதினது. ஜன்னல் கிரில்லுக்கு அடிச்ச பெயின்ட் மிச்சம் இருந்துச்சு, நான்தான் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டேன், பதிவுத் தபாலில். எனக்கென்று மறுபடி ஒன்று வரைந்துகொண்டேன். என் பனி மலையை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஃபிரேமோடு சும்மா கொடுத்தும் என் நாத்தனார் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆட்களை வரையலாமா? வரையலாம், கேட்டுவிட்டு வரையுங்கள். நம் வாட்ச்மேன் ஐயாவைக் கேட்டேன். "என்னை எதுக்கும்மா, வேணும்னா என் சேரை வரைங்க" என்றார். வரைந்தேன். நாற்காலி முதுகில் அவர் துண்டு, கீழே டார்ச், ரிஜிஸ்டர் நோட்டு, அதில் நூலால் கட்டிய பேனா. அதைத் தன் போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்பினார். வீட்டில் உள்ளவர்கள் என்றால் தூங்கும்போது வரைவது நல்லது, அசைய மாட்டார்கள். என் வீட்டுக்காரர் மத்தியானம் பேப்பரோடு தூங்குவதை 20 தடவைக்கு மேல் வரைந்திருக்கிறேன். விரல்கள் இப்போது ஓரளவு விரல் மாதிரி வருகின்றன. அவர் அம்மாவின் விரல் மாதிரியே இருக்கிறது என்பதை வரைந்தபோதுதான் பார்த்தேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். காலி செய்வதற்குள் நாம் எல்லோரும் சேர்ந்து இந்தக் கட்டடத்தை வரைந்துவிடலாம். நன்றாக வரைய வேண்டும் என்று இல்லை. ஒரு வீட்டுக்கு ஒரு அஞ்சலட்டை அளவுப் படம். உங்கள் வீட்டில் எந்த மூலை என்பது உங்கள் இஷ்டம். மொசைக் தரையில் விரிசல் விட்ட இடம், பிள்ளைகள் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைத்த கதவு நிலை, மோட்டார் சுவிட்ச், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற இரும்பு ஏணி. பிள்ளைகளும் வரையட்டும், அவர்களுக்கு இந்த எதை வரைவது என்ற வியாதி கிடையாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆல்பமாகச் சங்க அலுவலகத்தில் வைக்கலாம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். ஆல்பம் வாங்குகிற செலவை மட்டும் அடுத்த கமிட்டி கூட்டத்தில் கேட்க வேண்டுமாம். அதில் யாரும் ஆட்சேபம் செய்யாமல் இருந்தால் நல்லது.

வருகிற சனிக்கிழமை மாலை பி பிளாக் படிக்கட்டில் ஆரம்பிக்கிறோம். ஒரு பென்சில், ஒரு அழிப்பான், இன்றைக்குக் கொடுத்த அட்டை, இவ்வளவு போதும். பெயின்ட்டும் தாளும் என்னிடம் இருக்கிறது. உட்காரப் பழைய நியூஸ் பேப்பர் கொண்டுவாருங்கள், ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு பக்கம் வழி விட வேண்டும். பரணில் பெட்டி வைத்திருப்பவர் அதை இறக்கிக்கொண்டு வரலாம். வெயில் நாலு மணிக்கு வரும், நாலே முக்காலுக்குப் போய்விடும். அதனால் காபியை வீட்டிலேயே குடித்துவிட்டு வாருங்கள்.